எட்டு நாள் சொந்தக்காரி

ஜெர்சி சிட்டியில் நாங்கள் குடியிருக்கும் வீட்டுக்கு இரண்டு சொந்தக்காரர்கள். கீழ்த்தளம் அக்காவுக்கு, மேல்தளம் தம்பிக்கு. அவர்களுடைய அம்மா உயிலில் அப்படிப் பிரித்து எழுதிவைத்துவிட்டுப் போனார். அக்கா நியூபோர்ட்டில் கணவரோடு வேறு வீட்டில் இருக்கிறார். அவர் பங்கில்தான் நானும் கணவரும் மகளும் வாடகைக்கு இருக்கிறோம். தம்பி எங்கள் தலைக்கு மேலே தனியாக இருக்கிறார். யூதக் குடும்பம். நாங்கள் குடிவந்தபோதே அக்காவும் தம்பியும் பேச்சை நிறுத்தி நாலு வருஷம் ஆகியிருந்தது. இதை வாடகை ஒப்பந்தத்தில் எழுதியிருந்தால் நான் இன்னொரு தடவை யோசித்திருப்பேன்.

பேசவில்லையே தவிர, சேதி அனுப்பாமல் இருக்க முடியாது. வீடு ஒன்று, கூரை ஒன்று, ஹீட்டர் ஒன்று. கூரையோரத் தண்ணீர்க் குழாயில் இலை அடைத்துக்கொண்டால் தம்பி படியிறங்கி வந்து என்னிடம் சொல்வார். நான் அக்காவுக்கு மெசேஜ் போடுவேன். போன தடவை நான்தான் ஆள் பிடித்தேன், இந்தத் தடவை அவன் பிடிக்கட்டும் என்று பதில் வரும். அதைச் சொல்ல நான் படியேறுவேன். மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி என்பார்கள். எனக்கு அது மேலேயும் கீழேயும்.

ஆனாலும் ஒரு கட்டுப்பாடு வைத்திருந்தேன். அவர்கள் சொன்னதைக் கொண்டுபோவேன், என் கைச்சரக்கு எதையும் சேர்க்க மாட்டேன். கழிப்பது மட்டும் உண்டு. "அந்தச் சாமியார்கிட்ட சொல்லு", "அந்த மகாராணிகிட்ட சொல்லு" என்பதையெல்லாம் பாதிப் படியிலேயே உதிர்த்துவிடுவேன். இருவரும் பேசுவது இங்கிலீஷ்தான். என் காதில் அது விழுந்த தமிழில் எழுதுகிறேன்.

சண்டையின் கதையை எனக்குச் சொன்னது அக்கா. எங்கள் சமையலறைக் குழாய் ஒழுகியதைச் சரிசெய்ய, தொட்டிக்கு அடியில் மல்லாந்து படுத்துக்கொண்டு சொன்னார். அவருக்கு ஐம்பத்தைந்து வயதிருக்கும். பிளம்பரை நம்ப மாட்டார். கடவுளையும் நம்ப மாட்டார்.

அப்பா சின்ன வயதிலேயே வீட்டை விட்டுப் போனவர். அம்மா பேக்கரியில் வேலை பார்த்து இரண்டு பேரையும் வளர்த்தார். தம்பி முப்பது வயதுவரை எல்லாரையும் போல இருந்துவிட்டு, திடீரென்று பக்தியில் இறங்கினார். தாடி, கறுப்புத் தொப்பி, மூன்று வேளைத் தொழுகை. அதோடு நின்றிருந்தால் சரி. அம்மா வீட்டுப் பாத்திரம் தங்கள் சாத்திரப்படி சுத்தமில்லை என்று அங்கே சாப்பிடுவதை நிறுத்தினார். அக்கா வேறு மதத்துக்காரரைக் கல்யாணம் செய்துகொண்டபோது கல்யாணத்துக்கே வரவில்லை.

"அதைக்கூட மன்னிச்சிருப்பேன்" என்றார் அக்கா, ஸ்பானரைத் திருகிக்கொண்டே. "அம்மாவோட மாவைத் தூக்கிப் போட்டுட்டான்."

மாவு என்றால் ரொட்டிக்கு உறையூற்றுகிற புளித்த மாவு. நாம் தயிருக்கு உறை எடுத்துவைப்பதுபோல் அவர்கள் ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் மாவு மிச்சம் வைத்து, அடுத்த ரொட்டிக்குச் சேர்ப்பார்கள். கண்ணாடி ஜாடியில் அந்த அம்மா வைத்திருந்த உறை, அக்கா பிறப்பதற்கு முன்பிருந்தே உயிரோடு இருந்தது. யூதர்களுக்குப் பஸ்கா பண்டிகை என்று வருஷத்தில் எட்டு நாள் உண்டு. அந்த எட்டு நாளும் புளித்த மாவு, ரொட்டி, பிஸ்கட், விஸ்கி என்று தானியத்தில் நொதித்தது எதுவும் அவர்கள் வாயிலும் படக்கூடாது, அவர்களுக்குச் சொந்தமாகவும் இருக்கக்கூடாது. அம்மா இறந்தது பஸ்காவுக்கு ஒரு மாதம் முன்பு. துக்கத்துக்கு உட்கார்ந்திருந்த ஏழாம் நாள் தம்பி ஃப்ரிட்ஜைத் திறந்து, பண்டிகை வருகிறது என்று ஜாடியை எடுத்துக்கொண்டு போனாராம். எங்களைத் தூக்கிப் போட்ட மாதிரி அதையும் தூக்கிப் போடு என்று அக்கா கத்தினாராம். கடைசிப் பேச்சு அதுதான்.

அன்று சாயங்காலம் கிளம்பும்போது அக்கா என் வீட்டுத் தயிரில் கொஞ்சம் உறைக்குக் கேட்டார். நான் விளக்கேற்றிவிட்டேன். எங்கள் வீட்டில் விளக்கு வைத்த பிறகு தயிர், மோர், உப்பு, உறை எதையும் வெளியே கொடுக்கும் வழக்கமில்லை. சங்கடத்தோடு, காலையில் வந்து எடுத்துக்கொள்ளுங்கள் என்றேன். அக்கா என்னை ஒரு நிமிஷம் பார்த்தார்.

"நீயுமா?" என்றார். மறுநாள் காலை வந்து வாங்கிக்கொண்டு போனார்.

அவர் அப்படிக் கேட்டதைக் குறை சொல்ல என்னால் முடியாது; எங்கள் வீடே அப்படித்தான். என் கணவர் கல்லூரிக் காலத்திலிருந்து சாமி கிடையாது என்று பேசுகிறவர். ஆனால் கேஸ் அடுப்பில் பாலைக் காய்ச்சியதும் இந்த வீட்டுக்குள் சாமான் வந்ததும் ராகுகாலம் கழிந்துதான். காரணம் கேட்டால், டிராஃபிக் குறையட்டும் என்று பார்த்தாராம்.

போன வருஷம் பஸ்காவுக்கு இரண்டு நாள் முன்பு தம்பி கதவைத் தட்டினார். கூட அவர்களுடைய குரு, ரபி என்பார்கள். வெள்ளைத் தாடி, சிரிக்கும் கண். தம்பி வழக்கம்போல வாசல்படிக்கு வெளியே நின்றார். அக்கா பங்கு வீட்டுக்குள் அவர் கால் வைத்ததே இல்லை. ரபி உள்ளே வந்து சமையலறை மேஜையில் உட்கார்ந்து விஷயத்தைச் சொன்னார்.

புளித்த பண்டம் எல்லாவற்றையும் எரிக்க முடியாது அல்லவா. அதனால் பண்டிகைக்கு முன் யூதர் அல்லாத ஒருவருக்கு விற்றுவிடுவார்கள். விற்ற பண்டம் அலமாரியில் பூட்டி அங்கேயே இருக்கும், சாவி வாங்கியவருக்கு. எட்டாம் நாள் பொழுது சாய்ந்து நட்சத்திரம் தெரிந்ததும் ரபி போய்த் திரும்ப வாங்கிக்கொள்வார். அவர்கள் ஜெப ஆலயத்தில் பல வருஷமாக வாங்கிக்கொண்டிருந்த தபால்காரர் ஓய்வு பெற்று ஃப்ளோரிடாவுக்குப் போய்விட்டார். நம்பகமான ஆள் வேண்டும். மாடிக்காரர் என்னைச் சொல்லியிருக்கிறார். சேதி கொண்டுபோனதற்குக் கிடைத்த பதவி உயர்வு.

எனக்குச் சிரிப்பு வந்தது. "அப்ப இது சும்மா ஒரு பேச்சுக்குத்தானே?" என்றேன்.

ரபி சிரிக்கவில்லை. "பேச்சுக்கு வித்தா சாமியை ஏமாத்துற மாதிரி. நிஜமாவே உங்களோடது."

"நான் திருப்பித் தரலைன்னா?"

"தரலைன்னா தரலை. உங்க இஷ்டம்."

அவர்கள் சாத்திரத்தில் விற்பவர் வாங்குபவரின் துணி ஒன்றைத் தூக்கிப் பிடித்தால் பேரம் முடிந்த மாதிரி. பெண்ணின் கையைத் தொட மாட்டார்கள், துணி போதும். கையில் கிடைத்தது அடுப்பிலிருந்து பாத்திரம் இறக்குகிற கரித்துணி. ரபி அதைப் பயபக்தியோடு தூக்கிப் பிடித்தார். அக்கம்பக்கத்து யூத வீட்டு விஸ்கிகளுக்கெல்லாம் நான் சொந்தக்காரி ஆனேன். அடுத்த அறையில் வேலையில் இருந்த என் கணவர், காதில் விழுந்து, ஆபீஸ் காலை ம்யூட் பண்ணிவிட்டு எட்டிப் பார்த்தார்.

கையெழுத்துக்கு முன் ரபி பட்டியலை வாசித்தார். மாடிக்காரரின் பகுதி கடைசியில் வந்தது. மாவு ஒரு பை, ஓட்ஸ் ஒரு டப்பா, பேஸ்மெண்ட் ஃப்ரிட்ஜில் கண்ணாடி ஜாடி ஒன்று. அதில் புளித்த மாவு, அம்மாவுடையது.

என் பேனா நின்றுவிட்டது. வாசலில் நின்றவரைப் பார்த்தேன். அவர் தரையைப் பார்த்துக்கொண்டு, "எங்கம்மா அதுக்கு வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை மாவு போடுவாங்க" என்றார். விற்றதைப் பார்த்துக்கொள் என்று அவர் கேட்க முடியாது. கேட்டால் அது விற்றதாகாது.

ஆக, அவர் தூக்கிப் போடவில்லை. ஆறு வருஷம், வருஷா வருஷம் விற்று, வருஷா வருஷம் திரும்ப வாங்கி, வைத்திருக்கிறார். அக்காவுக்கு அது தெரியாது. அவர் தூக்கிப் போட்டுவிட்டதாக அக்கா நம்புவதும், அது எனக்குத் தெரியும் என்பதும் இவருக்குத் தெரியாது. என் கட்டுப்பாட்டை நானே திட்டிக்கொண்டேன். சொல்லச் சொல்லாததைச் சொல்வதில்லை என்று பெரிய அரிச்சந்திரி மாதிரி இருந்துவிட்டேனே, இப்போது எப்படிச் சொல்வது? டெக்ஸாஸில் கேட்டி என்ற ஊரில் இருக்கிற என் சொந்த அக்காவுக்கு போன் போட்டேன்.

"ஊர் வம்பை டிரைவ்வேக்குள்ள பார்க் பண்ணாதடி" என்றாள். டெக்ஸாஸ் போய்ப் பதினைந்து வருஷத்தில் அவள் பழமொழிகள் இப்படி ஆகிவிட்டன. "உன்கிட்ட இருக்கிறது ஜாடி. ஜாடியை மட்டும் பாரு."

ஜாடியைப் பார்த்தேன். வெள்ளிக்கிழமை பேஸ்மெண்டுக்கு இறங்கி, என் சொத்தை எடுத்து மேலே கொண்டுவந்து, மைதா போட்டுத் தண்ணீர் ஊற்றிக் கலந்தேன். புளித்த வாசனை. எங்கள் வீட்டு மாவு வாசனைக்குச் சித்தப்பா முறை. உயிருள்ளதை இருட்டில் தனியாக விட மனசில்லாமல் எங்கள் ஃப்ரிட்ஜிலேயே வைத்தேன். அங்கேதான் புத்தி மழுங்கியது. எங்கள் இட்லி மாவும் அதே மாதிரி கண்ணாடி ஜாடியில்தான் இருக்கும்.

ஞாயிற்றுக்கிழமை காலை நான் வாக்கிங் முடித்துத் திரும்பினேன். வீடு முழுக்க வெங்காயமும் கறிவேப்பிலையும் வதங்கும் மணம். கணவர் கரண்டியோடு நின்றார். மகள் நாலாவது தோசையில் இருந்தாள்.

"மாவு ரொம்பப் புளிச்சிருந்தது. வேஸ்ட் பண்ண வேண்டாம்னு ஊத்தப்பம் போட்டுட்டேன்" என்றார்.

"அம்மா, பெஸ்ட் தோசா எவர்" என்றாள் மகள்.

ஃப்ரிட்ஜைத் திறந்தேன். எங்கள் மாவு அப்படியே இருந்தது. தொட்டியில் காலி ஜாடி, தண்ணீர் ஊற்றி ஊறப் போட்டிருந்தது. என் கணவரிடம் இருக்கிற ஒரே நல்ல பழக்கம், பாத்திரத்தைக் காயவிடாமல் ஊறவைப்பது. அன்று அதற்கும் சேர்த்துத் திட்டினேன். அவர் கடைசித் துண்டை வாயில் வைத்துக்கொண்டு, விழுங்கவும் முடியாமல் துப்பவும் முடியாமல் நின்றார். ஐம்பத்தைந்து வயசுக்கு மேலான ஒரு ஜீவன், தக்காளிச் சட்னியோடு போய்ச் சேர்ந்திருந்தது.

இது விளையாட்டில்லை. மேலே இருக்கிறவருக்குக் கல்யாணம் முறிந்து, பிள்ளையில்லாமல், அம்மா என்று மிச்சமிருந்தது அந்த ஜாடிதான். அவரிடம் போய் என்னவென்று சொல்வேன்? இந்த மாவைக் காப்பாற்றத் தெரிந்தவர் உலகத்திலேயே ஒருவர்தான். அவர், அது செத்து ஆறு வருஷமாயிற்று என்று நம்பிக்கொண்டிருந்தார்.

கூப்பிட்டேன். கட்டுப்பாடாவது ஒன்றாவது. பட்டியல், ஜாடி, ஊத்தப்பம் எல்லாவற்றையும் மூச்சுவிடாமல் சொன்னேன். 

"ஜாடியில ஊத்தின தண்ணியைக் கொட்டிட்டியா?" என்றார் அக்கா.

"இல்ல."

"கொட்டாத. வரேன்."

இருபது நிமிஷத்தில் பின்கதவு வழியாக வந்தார். எப்போதும் பின்கதவுதான், முன்கதவு தம்பியின் படிக்கட்டுக்கும் பொது. ஜாடியைக் குனிந்து பார்த்தார். முகத்தைப் பார்க்கக் கூச்சமாக இருந்ததால் நானும் ஜாடியையே பார்த்தேன். தொடுவார் என்று நகர்த்தினேன். அவர் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"நான் தொட மாட்டேன். நீ செய். நான் சொல்றேன்."

"உங்களுக்குத்தான் நம்பிக்கை இல்லையே?"

"இல்லதான். ஆனா இந்த எட்டு நாள் ரொட்டி தொட்டதில்ல. அம்மா தொட மாட்டாங்க." அதைச் சொல்லும்போது அவருக்கே கொஞ்சம் வெட்கம் வந்தது. என் கணவர் மூலையிலிருந்து பலமாகத் தலையாட்டினார்; ராகுகாலக்காரருக்கு அது உடனே புரிந்துவிட்டது.

கழுவின தண்ணீரிலும் உறை இருக்கும், மூடிக்கடியில் காய்ந்திருப்பதிலும் இருக்கும் என்றார். அந்த வெள்ளைத் தண்ணீரில் கொஞ்சமாக மாவு போட்டேன். மூடியைச் சுரண்டிச் சேர்த்தேன். கெட்டியாக இருக்கட்டும், இன்னும் கெட்டி, அவ்வளவு இல்லை என்று கை கட்டிக்கொண்டே அதட்டினார். அவருடைய அம்மா இதைப் பழைய ஸ்வெட்டரில் சுற்றி ஹீட்டர் பக்கத்தில் வைப்பாராம். அதற்கு மட்டும் நான் ஒப்புக்கொள்ளவில்லை. இந்த ஊர்க் குளிரில் இட்லி மாவு பொங்கவைக்கத் தமிழ்ப் பெண்கள் கண்டுபிடித்த வழி ஒன்று உண்டு: ஓவனைப் போடாமல், உள்ளே இருக்கும் விளக்கை மட்டும் போட்டு, மாவை உள்ளே வைத்துக் கதவைச் சாத்துவது. ஜாடியை ஓவனுக்குள் வைத்து விளக்கைப் போட்டேன். அக்கா கண்ணாடிக் கதவு முன்னால் மண்டியிட்டு உட்கார்ந்து பார்த்தார்.

"இவ்வளவு நாள் இவனே மாவு போட்டிருக்கானா?" என்றார். என்னைக் கேட்கவில்லை.

திங்கட்கிழமை ஒன்றுமில்லை. நான் வீட்டிலிருந்து வேலை. ஒரு ஆபீஸ் காலுக்கும் அடுத்த காலுக்கும் நடுவே போய் ஓவனைப் பார்ப்பேன். அக்கா சாயங்காலம் வந்தார், பார்த்தார், போனார். செவ்வாய்க்கிழமை பள்ளிக்கூடம் கிளம்பிக்கொண்டிருந்த மகள் கத்தினாள். மாவின் ஓரத்தில் ஒரு குமிழ், கடுகளவு. நான் உடனே போட்டோ எடுத்து அனுப்பினேன். கருவில் இருக்கும் பிள்ளையின் ஸ்கேனை அனுப்பியபோதுகூட எங்கள் வீட்டில் இவ்வளவு ஆரவாரம் இல்லை. புதன்கிழமை இரண்டு மடங்காகப் பொங்கியது. வியாழக்கிழமை மூடியைத் தள்ளிக்கொண்டு ஓவன் தட்டெல்லாம் வழிந்தது. ஒரு ஜாடியில் அடங்காமல் இரண்டு ஜாடி ஆயிற்று.

அன்றுதான் எட்டாம் நாள். சாயங்காலம் விளக்கேற்றிக்கொண்டிருக்கும்போது என் அக்கா கேட்டியிலிருந்து கூப்பிட்டாள். ஜாடி எப்போது கைமாறும் என்றாள். இதோ, இருட்டியதும் வருவார்கள் என்றேன்.

"விளக்கு வெச்சப்புறம் உறையை வெளிய குடுக்கப் போறியா?" என்றாள். "நல்லா இருக்குடி உன் கதை."

சத்தியமாகச் சொல்கிறேன், அதுவரை எனக்கு அது தோன்றவில்லை. தோன்றியதும் என் மனசில் பக்தி பாதி, திட்டம் பாதி. வீட்டுக்கார அம்மாவுக்கே கொடுக்காத உறையை இன்னொருவருக்கு எப்படிக் கொடுப்பது? நாளைக் காலை எட்டு மணிக்கு வாருங்கள் என்று வீட்டுக்கார அக்காவுக்கு ஒரு மெசேஜ் போட்டேன்.

நட்சத்திரம் தெரிந்ததும் ரபி வந்தார். தம்பி வாசலில் நின்றார். விஸ்கி எல்லாம் திரும்பப் போயிற்று. என் கணவர் துக்கத்தோடு வழியனுப்பினார். கடைசி வரி வந்தது.

"இதை இப்பக் குடுக்க முடியாது" என்றேன். "எங்க வீட்டுல விளக்கு வெச்சப்புறம் உறை வெளிய போகக் கூடாது. லக்ஷ்மி போயிடுவான்னு சொல்லுவாங்க. காலையில எட்டு மணிக்கு அவரே உள்ள வந்து வாங்கிக்கட்டும்."

தம்பியின் முகம் வெளுத்தது. ரபி மட்டும் தாடியைத் தடவிக்கொண்டு, சூரியன் மறைந்தது கணக்கா விளக்கேற்றியது கணக்கா, பாலுக்கும் இந்தச் சட்டம் உண்டா என்று ஆர்வமாகக் கேட்டார். மறைந்ததுதான் என்றேன், பாலுக்கு என் அக்காவைக் கேட்க வேண்டும் என்றேன். மிகவும் திருப்தியாகிவிட்டார். "சட்டம் சட்டம்தான்" என்று தம்பியிடம் சொல்லிப் படியேற்றி அனுப்பினார். தலைக்கு மேலே ஒரு மணி நேரம் நடக்கிற சத்தம் கேட்டது. எனக்குப் பாவமாக இருந்தது. ஆனாலும் அசையவில்லை.

காலை எட்டு மணிக்கு அக்கா பின்கதவு வழியாக வந்து மேஜையில் உட்கார்ந்தார். இன்னும் யார் வரப்போகிறார் என்று அவருக்குத் தெரிந்திருக்கும், ஆனால் கேட்கவில்லை. இரண்டு நிமிஷத்தில் முன்கதவு தட்டப்பட்டது. கதவைத் திறந்து, உள்ளே வாங்க என்றேன். தம்பி படிக்கு வெளியே நின்று, என் தோளுக்கு மேலே பார்த்தார். மேஜையில் இரண்டு ஜாடி. ஜாடிக்குப் பின்னால் அக்கா.

ஒரு கால் உள்ளே வைத்தார். அப்புறம் இன்னொன்று.

ஊத்தப்பத்தை நான்தான் முதலில் சொன்னேன். யாராவது பேச வேண்டுமே. அவர் ஜாடியைப் பார்த்தார், என் கணவரைப் பார்த்தார். உங்கள் அக்கா இல்லையென்றால் இது இல்லை என்று முடித்தேன். அதுதான் இத்தனை நாளில் என் கைச்சரக்காக நான் சேர்த்த ஒரே வாக்கியம்.

"நீ தூக்கிப் போட்டுட்டேன்னு நினைச்சேன்" என்றார் அக்கா.

"அம்மாவையா?" என்றார் தம்பி.

அக்கா ஒரு ஜாடியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். "சொல்லியிருக்கலாம்ல?"

"நீ தூக்கிப் போடுன்னு சொன்ன. உனக்கு வேண்டாம்னு நினைச்சேன்."

எனக்கு இரண்டு பேரையும் சேர்த்து நாலு அறை விடலாம் போலிருந்தது. ஆறு வருஷம், ஒரு படிக்கட்டு தூரம். அதோடு அழுகையும் வந்தது. நான் காபி போடுகிற மாதிரி திரும்பிக்கொண்டேன்.

"ரொட்டி எப்படி வருது?" என்று அக்கா கேட்டது காதில் விழுந்தது.

தம்பி கையை விரித்தார். "ஒண்ணுகூடப் போட்டதில்ல. எனக்குத் தெரியாது. அம்மா பக்கத்துல நின்னது நீதானே. நான் மாவு மட்டும் போட்டுக்கிட்டிருந்தேன்."

அக்கா அழுதார். தம்பியும் அழுதார். என் கணவர் இரண்டு பேருக்கும் நடுவில் டிஷ்யூ பெட்டியை வைத்துவிட்டு நகர்ந்தார். ஊத்தப்பத்துக்கு அது பிராயச்சித்தம். ஜாடிகள் என்னுடையவை என்பதை நினைவுபடுத்தி, ஆளுக்கு ஒன்று கொடுத்தேன். நல்ல வெயில் அடித்துக்கொண்டிருந்தது, சாத்திரப்படி தடையில்லை.

எல்லாம் சரியாகிவிட்டது என்று எழுதினால் அக்கா என்னை வீட்டைக் காலி செய்யச் சொல்வார். அவர் சமையலறையில் செய்ததைத் தம்பி இன்றும் சாப்பிட மாட்டார். அதனால் அக்கா வெள்ளிக்கிழமை காலையில் முன்கதவு வழியாக வந்து, படியேறி, தம்பியின் ஓவனில், தம்பியின் தட்டில் ரொட்டி சுடுகிறார். அக்காவின் கணவரைத் தம்பி இதுவரை வீட்டுக்கு அழைக்கவில்லை; அதற்காக மாதம் ஒரு சண்டை. நான் ஆபீஸ் காலில் இருக்கும்போது கூரை அதிர்கிறது. இந்தப் பக்கம் என்ன சத்தம் என்று மேனேஜர் கேட்டால், மேலே பேசிக்கொண்டிருக்கிறார்கள் என்கிறேன். அப்புறம் சூடான ரொட்டி ஒன்று கீழே வரும். தண்ணீர்க் குழாயில் இலை இன்னும் அடைத்துக்கொண்டுதான் இருக்கிறது. ஆனால் அதை அவர்கள் நேரிலேயே திட்டிக்கொள்கிறார்கள்.

இந்த வருஷமும் பஸ்காவுக்கு இரண்டு நாள் முன்பு ரபி பட்டியலோடு வந்தார். கரித்துணியைத் துவைத்து வைத்திருந்தேன். இரண்டு ஜாடியிலும் நான் தமிழில் ஒட்டியிருந்த சீட்டு என்னவென்று கேட்டார்; இது தோசை மாவு இல்லை என்று படித்துக் காட்டினேன். கணவர் ஜன்னலைப் பார்த்தார்.

தம்பி எங்கள் மேஜையில் உட்கார்ந்து கையெழுத்துப் போட்டார். இரண்டாவது ஜாடி யாருடையது என்று ரபி கேட்டதும் அக்கா பேனாவை வாங்கினார். நம்பிக்கை எல்லாம் கிடையாது, பேர் இருக்கட்டும் என்றார். தம்பியின் பெயருக்குக் கீழே காகிதம் முழுக்க இடம் இருந்தது.

"மூத்தவ நான்" என்று சொல்லி, மேலே இருந்த இடுக்கில் எழுத ஆரம்பித்தார். தம்பி காகிதம் நகராதபடி ஓரத்தில் விரலை வைத்துப் பிடித்துக்கொண்டார்.